கரையோரப் புவி விஞ்ஞானமும் நிலைபேறும்: மட்டக்களப்பில் நடக்கும் ஒரு வார இறுதிக் கற்கைநெறி

பல்கலைக்கழக மாணவர்களுக்கும் புவியியல் ஆசிரியர்களுக்குமென மட்டக்களப்பு நகரிலுள்ள தனியார் கல்வி நிலையமொன்று வார இறுதிகளில் நடத்திவரும் புவி விஞ்ஞானச் சான்றிதழ்க் கற்கைநெறியை அண்மையில் நிறைவு செய்தேன். பாறைகளையும் நிலத்தின் அமைப்பையும் ஆராயும் புவிச்சரிதவியலைச் சிறப்புப் பாடமாகக் கற்க விரும்பும் நமது பிள்ளைகள் பேராதனைக்குப் போக வேண்டியிருக்கிறது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ புவியியல் படித்தபடியே சேரக்கூடிய வகுப்பொன்று ஊரிலேயே கிடைப்பதை, உயர்தர மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஒருவன் என்ற வகையில் மனமார வரவேற்கிறேன்.

இக்கற்கைநெறியின் உயிர் அதன் களப்பாடங்களிலேயே இருக்கிறது. கல்லடியில் ஒரு வீட்டுக் கிணற்றடியில் நடந்த பாடத்தை முதலில் சொல்ல வேண்டும். நீரின் உவர்த்தன்மையைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கியபோது, நீரின் மேற்பரப்பில் குறைவாக இருந்த அளவீடு அடிப்பகுதியை நெருங்க நெருங்க ஏறியதை ஒவ்வொருவரும் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டோம். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள இம்மணல் நிலத்தின் கீழே மழைநீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது என்பதையும், நன்னீர் மட்டம் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தால் கோட்பாட்டளவில் உவர்நீர் எல்லை அதைப்போல் 40 மடங்கு, அதாவது 4 மீற்றர், மேலேறக்கூடும் என்பதையும் விரிவுரையாளர் அங்கேயே கணக்கிட்டுக் காட்டினார். 2004 ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு கிணறுகளைத் துப்புரவாக்கும் நல்லெண்ணத்தோடு இயந்திரம் வைத்து அளவுக்கு மீறி இறைத்தது ஏன் உவர்நீரை மேலே இழுத்தது என்பதும், மழை வந்து கழுவும்வரை பொறுத்திருப்பதே ஏன் சிறந்த வழியாக இருந்தது என்பதும் அந்தக் கணக்கோடு விளங்கிவிட்டன. நிலைபேறு என்ற சொல்லை அவர் அன்று ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை; ஆயினும் எவ்வளவு நீரை எடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற கேள்வியோடுதான் எல்லோரும் வீடு திரும்பினோம்.

ஒலுவில் பயணமும் அவ்வாறே பயனுள்ளதாக அமைந்தது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புகள் மறித்ததால், துறைமுக வாயில் மணலால் தூர்ந்துபோனதையும் வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரிக்கப்பட்டதையும் நடந்தே பார்த்தோம். பாறைகள் பற்றிய விரிவுரைகள் சாதாரணமானவை. கிழக்கிலங்கையின் அடித்தளப் பாறைகளான விஜயன் தொகுதியைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு அங்கே புதிதாக எதுவும் இல்லை.

கனிய மணல் பற்றிய பாடத்தில்தான் கற்கைநெறி தடுமாறுகிறது. உலர்ந்த கடற்கரை மணலைக் கடதாசியில் பரப்பி, அடியில் வலுவான காந்தத்தை நகர்த்தியபோது, கரிய மணிகள் தனியே பிரிந்து வரிசையாக ஊர்ந்தன. இல்மனைற்று என்னும் அந்தக் கரிய கனியம் படிகக்கல் மணலைவிட அடர்த்தி மிக்கது என்பதையும், அலைகள் இலேசான மணலை அள்ளிச்செல்ல அது கரையிலேயே தங்கிவிடுகிறது என்பதையும் மிக அழகாக விளக்கினார்கள். அப்போது திருக்கோவிலிலிருந்து வந்திருந்த மாணவியொருவர், "மண்ணை அள்ளினாப் பிறகு எங்கட கிணறுகளுக்கு என்ன நடக்கும், சேர்?" என்று கேட்டார். அதை இறுதி விரிவுரையில் பார்ப்போம் என்ற பதிலே கிடைத்தது. இறுதி விரிவுரையோ நிலைபேறான அபிவிருத்தி பற்றிய 1987 ஆம் ஆண்டின் புருண்ட்லாண்ட் அறிக்கையையும் 2015 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளையும் திரையில் காட்டுவதோடு முடிந்துவிட்டது. கல்லடியில் கற்ற அதே கணக்கை எடுத்து, மணல்மேடு தாழ்ந்தால் நன்னீர் மட்டம் என்னவாகும் என்று அந்த இடத்திலேயே ஆராய்ந்திருக்கலாம். இத்துறையில் பட்டம் பெறுவோர்தான் நாளை கனிய மணலுக்கும் ஆற்று மணலுக்கும் ஆய்வறிக்கை எழுதப்போகிறவர்கள்; அகழ்வு அனுமதிகளைப் பரிசீலிக்கும் மேசைகளிலும் அவர்களே அமர்வார்கள். அவர்களுக்கு நிலைபேற்றை ஒரு பின்னிணைப்பாகக் கற்பிப்பது பெருந்தவறு என்றே கருதுகிறேன்.

மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரம் விடுபட்டதும் எனக்கு வருத்தமே. வெள்ளக்காலத்தில் வயல் மூழ்காமலிருக்க முகத்துவாரத்தை விரைவாக வெட்டிவிட வேண்டுமென்று வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் விவசாயிகள் கேட்பதையும், வாவி மீனவர்களின் கவலை வேறாக இருப்பதையும் முகத்துவாரத்தை அடைக்கும் மணல்தடையின் இயக்கத்தோடு சேர்த்துப் படிக்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறெங்கே கிடைக்கும்?

வழங்கப்பட்ட கையேடு தெளிவான தமிழில் இருக்கிறது. படங்கள் மட்டும் நிழற்பிரதியில் கறுத்துப்போயிருந்தன. முழு அணிக்கும் ஒரே மானி இருந்ததால் காத்திருக்க நேர்ந்தது. இறுதி மதிப்பீட்டைப் பல்தேர்வு வினாக்களோடு நிறுத்தாமல் களக்குறிப்பேட்டுக்கும் புள்ளி வழங்கினால், பின்வரிசையில் இருப்பவர்களும் மானியைக் கையில் எடுப்பார்கள்.

புவியியல் ஆசிரியர்களும் பட்டப்படிப்பின் முதலிரு ஆண்டுகளில் இருப்பவர்களும் தயங்காமல் சேரலாம். மார்கழி மழையில் களப்பயணங்கள் தள்ளிப்போகும் என்பதால், சித்திரைக்குப் பின் தொடங்கும் அணியில் இடம் கேட்பது நல்லது.