ஏற்காடு மலைக்கு ஸ்கூட்டரில் சுமை: பின் கேரியர், நீண்ட நாள் ஓட்டிப் பார்த்ததில்

சேலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை நடத்துகிறேன். ஏற்காட்டிலும் நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை பக்கமும் எனக்கு வாடிக்கையாளர்கள் நிறைய. தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் மேலே போய்ப் பார்த்து, அங்கேயே சரிசெய்ய முடியாததைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, காயில் கட்டித் திரும்ப மேலே கொண்டுபோய் மாட்ட வேண்டும். வண்டி ஆக்டிவா 6ஜி. கேரியர் இல்லாவிட்டால் ஒவ்வொரு மோட்டாருக்கும் வாடகை வண்டி பிடிக்க வேண்டியதுதான், கூலியில் பாதி அதற்கே போய்விடும்.

கேரியரைப் பார்த்ததும் பலரும் கேட்பது "எத்தனை கிலோ தாங்கும்?" என்றுதான். அதைவிட முன்னால் கேட்க வேண்டியது, அதன் கால் வண்டியில் எங்கே ஊன்றுகிறது என்பதை.

கடைகளில் தொங்கும் ரெடிமேட் கேரியர்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான். பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியின் போல்ட்களைக் கழற்றி, அதே ஓட்டையில் கொஞ்சம் நீளமான போல்ட் போட்டு மாட்டிவிடுவார்கள். அரை மணி நேர வேலை. வண்டியில் புதிதாக ஓட்டை போட வேண்டியதில்லை. காய்கறிப் பை, துணிப் பை, டிபன் கேரியர் என்று டவுனுக்குள் ஓட்டுகிறவர்களுக்கு இது தாராளமாகப் போதும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போல்ட்கள் எல்லாம் கைப்பிடிப் பக்கம் நெருக்கமாக இருக்கின்றன, தட்டோ அங்கிருந்து பின்னால் நீண்டு அந்தரத்தில் நிற்கிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போதெல்லாம் தட்டின் பின் ஓரம் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டம் முழுவதும் போய்ச் சேருவது அந்தச் சில போல்ட்களிடமும் அவற்றை ஒட்டிய வெல்டிங்கிடமும்தான்.

நான் முதலில் மாட்டியதும் அந்த ரகம்தான். கையில் எடுத்தால் கனமாக இருந்தது, பெயிண்ட் பளபளவென்று இருந்தது. பல மாதம் ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் ஒரு மழை வாரம் முடிந்து வண்டியைத் துடைக்கும்போது கண்ணில் பட்டது. கால் பட்டையும் குழாயும் சேரும் இடத்தில், வெல்டிங் மேடு முடியும் ஓரத்தில், கறுப்பு பெயிண்டின் மேல் தலைமுடி கனத்துக்கு ஒரு செம்பழுப்புக் கோடு. துணியால் அழுத்தித் தேய்த்தால் பெயிண்டோடு போகவில்லை. தட்டின் பின் ஓரத்தைக் கையால் தூக்கினேன், கோடு வாய் திறந்தது. விட்டதும் மூடிக்கொண்டது. பெயிண்டுக்கு அடியில் இரும்பே விரிந்து, உள்ளே போன மழைத்தண்ணீர் துருவாக வெளியே வந்திருந்தது.

வாங்கிய கடையில் காட்டினேன். "வெயிட் ஜாஸ்தி வெச்சிருப்பீங்க" என்று முடித்துவிட்டார்கள். எத்தனை கிலோ வரை வைக்கலாம் என்று கேரியரிலும் இல்லை, அது வந்த அட்டைப்பெட்டியிலும் இல்லை. சுமை தாங்கத்தான் ஒரு பொருளை விற்கிறார்கள் என்றால் அளவை அதன் மேலேயே அச்சடிக்க வேண்டும். இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

இந்த மாதிரி விரிசல் ஒரே நாள் பாரத்தில் வருவது அபூர்வம். தாங்கக்கூடிய சுமைதான், ஆனால் லட்சக்கணக்கான சின்ன ஆட்டங்கள் சேர்ந்து சேர்ந்து, வெல்டிங் ஓரத்தில் ஆரம்பித்து மெல்ல உள்ளே போகும். அதனால் உங்கள் கேரியரில் பார்க்க வேண்டியதும் அந்த ஓரங்களைத்தான். வண்டி கழுவும்போது ஈரத் துணியால் துடைத்துவிட்டு மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், துருக் கோடு இருந்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது கேரியரைத் தெரிந்த வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தேன். பட்டறை அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பைப்பு எவ்வளவு கனமா வேணும்னாலும் போடலாங்க. கால் எங்க ஊனுதுன்னு முதல்ல பாருங்க." பின்பக்க பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றி, சேஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், ஏற்கெனவே இருக்கும் போல்ட் ஓட்டைகளைத் தேடினோம். கைப்பிடி இடத்தில் இரண்டு கால், அதற்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாகச் சேஸில் ஊன்றும் சாய்வுக் கம்பி. பக்கவாட்டில் நின்று பார்த்தால் முக்கோணம் தெரியும். அந்தச் சாய்வுக் கம்பிதான் எல்லா வித்தியாசமும். பழையதில் தட்டின் பின் ஓரத்தைப் பிடித்து அழுத்தினால் விரல் கனம் இறங்கும். இதில் அழுத்தினால் ஷாக் அப்சார்பர் இறங்குகிறது, தட்டு அசைவதில்லை. கேரியர் வாங்கும்போது கடையிலேயே இப்படி அழுத்திப் பார்க்கலாம், ஒரு பைசா செலவில்லை.

அட்டையை வெட்டி அளவெடுத்து, வெல்டிங் முழுவதையும் வண்டிக்கு வெளியே அடித்து எடுத்து வந்து மாட்டினார். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டி என்றால் உள்ளே இசியு என்ற, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி இருக்கிறது, வெல்டிங் கரண்ட் அதன் வழியாகப் போனால் பெரிய செலவு. பெட்ரோல் டேங்கும் பக்கத்திலேயே இருக்கிறது. "அஞ்சு நிமிஷம்தான், வண்டியிலயே ஒரு டேக் வெச்சுடலாம்" (சின்னப் பொட்டு வெல்டிங்) என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

போல்ட்டுக்கு நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் தளராதது), வாஷர். இறுக்கி முடித்ததும் நட்டின் மேலும் பட்டையின் மேலும் சேர்த்து வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டேன். நட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு முறிந்து தெரியும். ஸ்பானர் எடுக்காமலே, வண்டியை எடுக்கும்போது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மாட்டிய புதிதில் ஒரு நட் லேசாகத் திரும்பியதை இந்தக் கோடுதான் காட்டிக்கொடுத்தது. திரும்ப இறுக்கிய பிறகு அசையவில்லை.

ஸ்டெயின்லெஸ்ஸில் செய்திருக்கலாமே என்று கேட்பார்கள். உருக்காலை இருக்கும் ஊர், கேட்கத்தான் செய்வார்கள். நல்ல 304 கிரேடு என்றால் துருப் பயம் குறைவு. ஆனால் மலிவான 202 கிரேடைக் காட்டி 304 என்று சொன்னாலும் காந்தம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டிலும் காந்தம் சரியாக ஒட்டாது. நான் சாதாரண இரும்பிலேயே செய்தேன். விரிசல் வந்தாலும் மலையில் எந்தப் பட்டறையிலும் அடித்துக்கொள்ளலாம். குழாயின் வாய்களை மட்டும் வெல்டிங் அடித்து மூடச் சொன்னேன், திறந்திருந்தால் தண்ணீர் உள்ளே தங்கி அரிக்கும். துரு பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்து அதன் மேல் எனாமல் பெயிண்ட். மோட்டார் உரசும் இடத்தில் பெயிண்ட் போய்விடுகிறது, மழைக்கு முன்னால் தொட்டு அடித்துக்கொள்கிறேன். தட்டின் மேல் ஒரு ரப்பர் மேட் விரித்தால் உரசலும் குறைகிறது, சத்தமும் குறைகிறது.

இனி மலைப் பாதை. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஊர் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில். சமதளத்தில் தெரியாத கோளாறெல்லாம் இந்த ஏற்றத்தில் தெரியும். ஆக்டிவாவின் இரண்டு சக்கர மையங்களுக்கும் இடையே சுமார் 126 சென்டிமீட்டர். 12 கிலோ மோட்டாரைப் பின் சக்கர மையத்துக்கு 35 சென்டிமீட்டர் பின்னால் வைத்தால், சமதளத்திலேயே முன் சக்கரத்தின் மேல் இருக்கும் பாரத்தில் 3 கிலோவுக்கு மேல் குறையும். பின் சக்கரத்தில் ஏறுவது 12 இல்லை, 15 கிலோவுக்கு மேல். ஏற்றத்தில் இது இன்னும் பின்னால் சாயும். வளைவில் மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில் கைக்குப் பிடிமானம் இல்லாமல் லேசாகிவிடும். மேலிருந்து பஸ் இறங்கும் நேரத்தில் அந்த லேசு பயங்கரமானது.

அதனால் கனமான மோட்டார் கால் வைக்கும் பலகையில்தான் போகும். கருவிப் பை, வயர் சுருள், ஹோஸ் மாதிரி பருமனாகவும் லேசாகவும் இருப்பவை கேரியரில். இரண்டு மோட்டார் வந்துவிட்டால் சின்னதைக் கேரியரில் சீட்டை ஒட்டி, எவ்வளவு முன்னால் வைக்க முடியுமோ அவ்வளவு முன்னால் வைத்துக் கட்டுவேன். பின் டயரில் காற்றுத் தனியாகப் போகும்போது 29 பிஎஸ்ஐ, ஆளோ சுமையோ இருந்தால் 36. இதை அடிவாரம் போவதற்கு முன்னாலேயே கோரிமேட்டுப் பக்கம் பிடித்துக்கொள்வது நல்லது.

இறக்கத்தில் ஹேண்டில் பிரச்சினை இல்லை, பிரேக்தான். ஸ்கூட்டரில் வேகம் ரொம்பக் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும். அதன் பிறகு இன்ஜின் பிடிக்காது, வண்டி நியூட்ரலில் உருளுகிற மாதிரிதான். சுமையோடு அப்படி உருண்டால் டிரம் பிரேக் சூடேறி வாடை வரும், லீவர் இழுத்தாலும் பிடி குறையும். கிளட்ச் விடாத அளவுக்கு வேகம் வைத்து, இன்ஜின் பிடிப்பிலேயே இறங்கி, வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கை அழுத்தி விடுகிறேன். வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

கட்டுவதற்கு இரண்டு பக்கமும் கொக்கி உள்ள ரப்பர் கயிறு எனக்குப் பிடிக்கவில்லை. மோட்டார் கனத்துக்கு அது நீண்டுகொடுக்கும், கொக்கி விடுபட்டால் முகத்துக்கு வரும். நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, அதன் மேல் பஞ்சர் கடையில் வாங்கிய பழைய ட்யூப் பட்டையை இழுத்துச் சுற்றுகிறேன். கயிறு பிடித்துக்கொள்ளும், ட்யூப் தளரவிடாது. கயிற்றின் நுனி எதுவும் தொங்கக் கூடாது, பின் சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ரெடிமேட் வாங்குகிறவர்கள் இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். ஆக்டிவா 6ஜியில் பெட்ரோல் மூடி பின்னால் இருக்கிறது. தட்டு தாழ்வாக வந்தால் மூடி முழுதாகத் திறக்காது, பங்கில் நின்றுகொண்டு சாமானை அவிழ்க்க வேண்டியிருக்கும். மாட்டும்போதே மூடியைத் திறந்து பெட்ரோல் குழாய் நுழைய இடம் விட்டு உயர்த்தச் சொல்லுங்கள். ஜூபிடர் 125 வைத்திருப்பவர்களுக்கு மூடி முன்னால், இந்தத் தொல்லையே கிடையாது.

பின்பக்க விளக்கையும் நம்பர் பிளேட்டையும் சாமான் மறைக்கக் கூடாது. ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு முன்னால் போகிற வண்டியே தெரியாது. தட்டின் பின் ஓரம் முழுக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டியிருக்கிறேன். பெட்டி மாட்ட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2020-இல் வந்த விதித் திருத்தப்படி நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பின் சீட்டு இடத்தில் பெட்டி வைத்தால் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது.

பின்னால் உட்காருகிறவரின் பிடிமானத்தையும் மறந்துவிடாதீர்கள். சில கேரியர்கள் கைப்பிடியையே எடுத்துவிட்டுத்தான் உட்காரும். வீட்டம்மா பின்னால் வரும்போது பிடிக்க எதுவும் இல்லாமல் இருக்கக் கூடாது என்று, எங்கள் கேரியரில் இரண்டு பக்கமும் விரல் நுழைந்து பிடிக்கிற மாதிரி குழாயைத் தட்டிலிருந்து கொஞ்சம் விலக்கி வளைத்திருக்கிறார் அண்ணன்.

செலவு ரெடிமேடைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. வண்டியை மாற்றினாலும் தட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், புது வண்டியின் சேஸுக்கு ஏற்ப கால்களை மட்டும் மாற்றி அடித்துத் தருகிறேன் என்று பட்டறை அண்ணன் சொல்லியிருக்கிறார்.