ராமநாதபுரம் கடலுக்கு எந்த நீச்சல் உடை? வெட்சூட், ஷார்ட்ஸ், ஸ்விம்ஸ்கின் ஒப்பீடு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்காக, நியோபிரீன் என்ற ரப்பர் நுரையால் ஆன வெட்சூட் வாங்கும் யோசனை இருந்தால், முதலில் ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி 60 சென்டிமீட்டர் ஆழத்தில் இறக்கிப் பாருங்கள். போட்டி நடுவர்கள் அளப்பதும் அந்த ஆழத்தில்தான். அரியமான் கடலில் மார்கழி, தை விடியற்காலையில்கூட 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. சித்திரை, வைகாசியில் 30ஐத் தாண்டிவிடும். முழங்கால் அளவுத் தண்ணீரில் அளக்க வேண்டாம். வெயில் ஏறியதும் பாக் விரிகுடாவின் ஓரம் சீக்கிரமே சூடாகிவிடும் என்பதால் கணக்குத் தப்பும்.

நீண்ட தூர டிரையத்லான் தொடரான அயர்ன்மேனின் விதிப்படி, வயதுப் பிரிவில் (தொழில்முறை அல்லாதவர் பிரிவில்) பரிசுக்குப் போட்டியிடுபவர் வெட்சூட் அணியும் வரம்பு 24.5 டிகிரி. 1500 மீட்டர் வரையிலான நீச்சலுக்கு இந்த விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்டு டிரையத்லான் வயதுப் பிரிவினருக்கு வைத்திருக்கும் வரம்பு இன்னும் கீழே: 22 டிகிரியைத் தொட்டாலே தடை. நியோபிரீன் எங்கேயும் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆக, நம் கடலிலோ இதே வெதுவெதுப்புள்ள வேறு கடலிலோ போட்டி என்றால் வெட்சூட் பெட்டியிலேயே கிடக்கும். கையில்லாத வெட்சூட்டுக்குச் சலுகை உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. நியோபிரீன் ஷார்ட்ஸும் அதே தடைக்குள்தான் வரும்.

விதியை விடப் பெரிய கவலை சூடு. தண்ணீருக்குள் வியர்வை ஆவியாகாது. 30 டிகிரி நீரில் மார்பையும் முதுகையும் ரப்பர் நுரையால் மூடிவிட்டால், உடல் உண்டாக்கும் சூடு வெளியேற வழியில்லை. ஓடும்போது சூடு ஏறுவது தெரியும், நீந்தும்போது தெரியாது. தலைவலி, குமட்டல், கைவீச்சு தடுமாறுவது என்று வரும்போது கரை ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கலாம். 2010இல் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் கடல் நீச்சலில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் உயிரிழந்தார். அன்று தண்ணீர் 30 டிகிரியை ஒட்டி இருந்தது, அவர் அணிந்திருந்தது வெட்சூட்கூட இல்லை. கடல் நீச்சல் போட்டிகளுக்கு 31 டிகிரி என்ற மேல்வரம்பு அதன் பிறகே வந்தது. பங்குனி முதல் ஆவணி வரை இந்தக் கரையில் யாரும் முழு வெட்சூட்டில் நீளமாக நீந்தக் கூடாது என்று நாங்கள் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

இனி மிதவைக் கணக்கு. நியோபிரீனுக்குள் இருப்பவை மூடிய காற்றுக் குமிழ்கள். 4 மில்லிமீட்டர் கனமுள்ள ஷார்ட்ஸ் இடுப்பையும் தொடையையும் சேர்த்துச் சுமார் அரை சதுர மீட்டரை மூடும். அதாவது 2 லிட்டர் கன அளவு. அதன் எடையைக் கழித்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தூக்கல் மிஞ்சும், அதுவும் கால் தாழ்கிற இடத்திலேயே. கடலின் உப்பும் சும்மா இருப்பதில்லை. நல்ல தண்ணீரை விடக் கடல்நீர் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் அடர்த்தி கூடியது. 70 கிலோ உடம்புக்கு அதுவே ஒன்றரைக் கிலோ அளவுக்குத் தூக்கல் தரும். குளத்தில் கால் தாழ்கிறவருக்குக் கடலில் அவ்வளவு தாழாமல் இருப்பது இந்த உப்பால்தான்.

உங்களுக்கு மிதவை தேவையா என்பதைக் குளத்திலேயே சோதிக்கலாம். தொடைகளுக்கு இடையில் புல் பாய் (pull buoy) என்ற நுரை மிதவையை வைத்து 100 மீட்டர், வைக்காமல் 100 மீட்டர், இரண்டையும் ஒரே உழைப்பில் நீந்துங்கள். வைத்தபோது ஐந்தாறு வினாடி குறைந்தால் உங்கள் கால் தாழ்கிறது. உடை உதவும், ஆனால் உதைப்பையும் இடுப்பையும் திருத்துவது இன்னும் நிலையாக உதவும். நேரம் மாறவில்லை என்றால் மிதவைக்குப் பணம் போடாதீர்கள்.

முழு வெட்சூட் தேவைப்படுவது ஒருவருக்குத்தான்: ராமேஸ்வரத்தில் பயிற்சி எடுத்து, சுவீடனின் கால்மார் போன்ற குளிர்ந்த கடலில் போட்டியிடப் போகிறவர். அவர் தடிமன் பிரிவைப் பார்த்து வாங்க வேண்டும். ஹூப் நிறுவனத்தின் ஆர்க்கிமிடீஸ் வெட்சூட்டில் 3:5 என்றால் மேலே 3, கீழே 5 மில்லிமீட்டர்; கால் தாழ்பவருக்கு. 4:4 ஏற்கெனவே மட்டமாக மிதப்பவருக்கு. நல்ல நீச்சல்காரர் 3:5 போட்டால் குதிகால் நீருக்கு வெளியே வந்து உதைப்பு வீணாகும், இடுப்பு வளைந்து கழுத்தும் முதுகும் பிடித்துக்கொள்ளும். தோள்பகுதி 1.5 அல்லது 2 மில்லிமீட்டராக இருந்தால் கை சோராது.

அளவு சரியா என்று பார்க்க மூன்று இடங்கள் போதும். அக்குளில் இடைவெளி இருக்கக் கூடாது. கீழ்முதுகில் தண்ணீர் தேங்கக் கூடாது. கழுத்து இறுக்கமாக இருக்கலாம், விழுங்கச் சிரமம் கூடாது. போடும்போது காலில் பிளாஸ்டிக் பையை மாட்டினால் வழுக்கிக்கொண்டு ஏறும். கவட்டுவரை முழுதாக ஏற்றிய பிறகே மேலே போக வேண்டும். அங்கே இரண்டு விரல் அளவு தளர்ந்திருந்தால் தோள் இழுக்கும், 400 மீட்டரிலேயே கை கனத்துவிடும். பழியைத் தோள் மேல் போடுவார்கள், தவறு கவட்டில் இருக்கும். இழுப்பது விரல் நுனியின் சதையால், நகத்தால் அல்ல. வழவழப்பான மேற்பரப்பில் நகம் பட்டால் பிறை வடிவில் கிழியும். இந்த உடையை இங்கே பழக்கிப் பார்க்க மார்கழி, தை விடியலில் 10 நிமிடத் துண்டுகளாக நீந்துங்கள். ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் கழுத்தைத் திறந்து உள்ளே தண்ணீர் விடுங்கள். ஆனால் அந்த மாதங்களில் வாடைக்காற்று பாக் விரிகுடாவைக் கலக்கிவிடும். பெண்கடல் என்று சொல்லப்படும் அந்தப் பக்கம் கொந்தளித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கையில்லாத வெட்சூட்டை எங்களால் பரிந்துரைக்க முடியவில்லை. தோள் விடுபடும், சூடு சற்றுக் குறையும். ஆனால் அக்குள் வழியே தண்ணீர் புகுந்து இழுவை கூடும், விதியிலும் லாபமில்லை, சொறி (ஜெல்லி மீன்) பட்டால் கையும் திறந்தே இருக்கும்.

பயிற்சிக்கு எங்கள் தேர்வு நியோபிரீன் ஷார்ட்ஸும் அதற்கு மேலே முழுக்கை லைக்ராச் சட்டையும். மார்பு மூடாததால் சூடு வெளியேறும். மண்டபம் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்குவதைப் பார்க்கலாம். வெயிலுக்கும் சொறிக்கும் பாறை கீறலுக்கும் இந்தக் கடலில் வேண்டிய பாதுகாப்பு அதுவே. ஒரு எச்சரிக்கை: வாரம் முழுக்க ஷார்ட்ஸோடு நீந்தினால் கால் தாழ்கிற குறை மறைந்தே கிடக்கும். இரண்டில் ஒரு நாள் இல்லாமல் நீந்துங்கள்.

போட்டி நாளுக்கு ஸ்விம்ஸ்கின். அது மிதக்க வைக்காது. நெய்த துணி, மேலே நீர் ஒட்டாத பூச்சு, அவ்வளவுதான். மூன்று பிரிவுக்கும் சேர்த்து உள்ளே போடும் டிரைசூட்டின் பைகளும் மடிப்புகளும் தண்ணீரை இழுப்பதை அது தடுக்கும். துணியில் தண்ணீர் தெளித்தால் முத்தாக உருண்டு ஓட வேண்டும். பரவி ஊறினால் பூச்சு தேய்ந்துவிட்டது. அதனால் பயிற்சியில் போட்டுத் தேய்க்காதீர்கள், ஓரிரு முறை பழகினால் போதும். டிரைசூட் ஏற்கெனவே உடம்போடு ஒட்டி, பையில்லாமல் இருந்தால் இதுவும் வேண்டாம்.

எந்த உடையும் லைஃப் ஜாக்கெட் ஆகாது. ஆரஞ்சு நிற மிதவையை இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லுங்கள், படகுக்காரர்கள் கண்ணில் படும். பாம்பன் கால்வாயிலும் அரிச்சல்முனையிலும் நீரோட்டம் இழுக்கும், அங்கே இறங்கவே வேண்டாம். படகின் அடியிலும் தூண்களிலும் ஒட்டியிருக்கும் கொட்டலசு (கூர்மையான ஓடுள்ள சிறு கடலுயிர்) ஸ்விம்ஸ்கின்னை ஒரே உரசலில் கிழிக்கும்.

கழுத்தில் தடவ வாசலின் வேண்டாம், சிலிகான் சார்ந்த களிம்பு போதும். நீந்தி முடித்ததும் உப்பில்லாத தண்ணீரில் அலசி, உள்புறம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் காயப்போடுங்கள். தீவில் சில இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரே உப்புக் கரிக்கும். அதில் அலசினால் ஜிப்பில் உப்புப் படிந்து இறுகிவிடும், ஐந்து லிட்டர் நல்ல தண்ணீரைத் தனியாக எடுத்துப் போங்கள். நகக் கிழிசலுக்கு நியோபிரீன் பசையை இரு ஓரங்களிலும் மெல்லியதாகப் பூசி, சற்று உலர்ந்ததும் மறுபடி பூசி, பிறகு ஓரங்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் விட்டுவிட்டுத் தண்ணீரில் இறக்கலாம்.