விளம்பரத்துக்கும் ஓட்டு உண்டா? டிக், ரெடிட், மெட்டாஃபில்டர் காட்டிய வழிகள்

வாசகர்களே செய்தியைக் கொண்டுவந்து போட்டு, அவர்களே ஓட்டும் போட்டு முதல் பக்கத்தை நிரப்பும் தளங்களில் விளம்பரம் என்றாலே தகராறுதான். செய்தித்தாளில் அரைப் பக்க விளம்பரம் வந்தால் புரட்டிவிட்டுப் போகிறோம். இங்கே அப்படி விட மனம் வருவதில்லை. யாரோ ஒருவர் காசு கொடுத்து வரிசையைத் தாண்டி முன்னால் வந்து நிற்பது போல இருக்கிறது. அந்தக் கோபத்தை ஒவ்வொரு தளமும் எப்படிக் கையாண்டது என்பதில்தான் வித்தியாசமே.

அப்படிப்பட்ட தளங்களில் ஒன்றான டிக் 2009இல் கொண்டுவந்த முறை எனக்கு இன்றும் பிடிக்கும். செய்திகளுக்கு நடுவில் விளம்பரம் வரும். செய்திக்குப் போலவே விளம்பரத்துக்கும், மேலே தூக்கும் ஓட்டு, கீழே புதைக்கும் ஓட்டு இரண்டும் உண்டு. வாசகர்களுக்குப் பிடித்த விளம்பரத்துக்குக் கட்டணம் குறையும். புதைக்கப் புதைக்கக் கட்டணம் ஏறும், கடைசியில் விளம்பரதாரருக்கே கட்டுப்படியாகாது. எரிச்சலுக்கு ஒரு விலை வைத்தார்கள், அதை எரிச்சல் தருபவரே கட்ட வேண்டும். எவ்வளவு நியாயமான ஏற்பாடு!

ஆனால் 2010 ஆகஸ்டில் அதே டிக் தன் நான்காம் பதிப்பில் புதைக்கும் பொத்தானை எடுத்துவிட்டது. பெரிய ஊடகங்களின் செய்திகள் தானாகவே வந்து விழ வழி செய்தது. கொதித்துப்போன பயனர்கள் போட்டித் தளமான ரெடிட்டின் இணைப்புகளுக்கே ஓட்டுப் போட்டு டிக்கின் முதல் பக்கத்தை நிரப்பினார்கள். அப்புறம் கூட்டம் கூட்டமாக ரெடிட்டுக்கே குடிபோனார்கள்.

ரெடிட்டும் 2009இல்தான் சிறு விளம்பரதாரர்கள் தாங்களே இடம் வாங்கும் வசதியைத் திறந்தது. டிக்கின் விலைக் கணக்கு இதில் இல்லை. இங்கே வேலை செய்தது விளம்பரத்துக்குக் கீழே இருந்த கருத்துப்பெட்டி. ‘இதில் என்ன புதுசு?’ என்று ஒருவர் கேட்க, விற்பவர் நேரில் வந்து பொறுமையாகப் பதில் சொன்னால், திட்ட வந்தவர்கள்கூட கொஞ்சம் இறங்கி வருவார்கள். இன்றைய ரெடிட்டைத் திறந்து பாருங்கள்: விளம்பரம் மற்றப் பதிவுகளைப் போலவே உடுத்திக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறது, அடையாளத்துக்கு ஒரு சின்னச் சொல். கருத்துப்பெட்டியை மூடிவைக்கும் உரிமை விளம்பரதாரர் கையில். தெரியாமல் தொட்டு உள்ளே போனவர் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று கீழே இறங்கினால், அங்கே பூட்டு. எனக்கு ரத்தம் சூடாவது விளம்பரத்தைப் பார்த்து இல்லை, அந்தப் பூட்டைப் பார்த்துத்தான். பத்து வருடம் பேசிப் பழகிய இடத்தில் வாயைப் பொத்தினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

தொழில்நுட்பச் செய்தித் தளமான ஸ்லாஷ்டாட் நல்ல பெயரெடுத்த பயனர்களுக்கு விளம்பரத்தை அணைத்துவைக்கும் வசதியைக் கொடுத்தது, நல்ல மரியாதை. உறுப்பினர்கள் இணைப்புகளைப் போட்டுப் பேசிக்கொள்ளும் மெட்டாஃபில்டர் இன்னும் ஒரு படி மேல். சேர 5 டாலர் வாங்கினார்கள், அதன் பிறகு விளம்பரத் தொல்லை பெரும்பாலும் தேடுபொறி வழியாக வந்த விருந்தாளிகளுக்குத்தான் இருந்தது. இதில் ஒரு குறையும் உண்டு: கூகுள் வழி வந்த கூட்டம் 2012 முதல் சரிந்தபோது வருமானமும் சரிந்து, 2014இல் ஊழியர்களைக் குறைக்க வேண்டியதாயிற்று. அப்போது உறுப்பினர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுத் தாங்கினார்கள்.

இன்னொரு தொழில்நுட்பச் செய்தித் தளமான ஹேக்கர் நியூஸ் தனி ரகம். அதை நடத்துவது ஒய் காம்பினேட்டர் என்ற முதலீட்டு நிறுவனம். அது முதலீடு செய்த நிறுவனங்களின் ஆள்தேவை அறிவிப்புதான் அங்கே செய்திகளுக்கு நடுவில் விளம்பரமாக வரும். ஓட்டும் கிடையாது, கருத்தும் கிடையாது. வேலைக்கு ஆள் தேவை என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடுவதால் ஏமாந்த உணர்வு வருவதில்லை.

சின்னத் தளம் நடத்துபவர் என்னிடம் கேட்டால் மெட்டாஃபில்டர் வழியைச் சொல்வேன். பெரிய தளமென்றால் டிக்கின் விலைக் கணக்கோடு பூட்டில்லாத கருத்துப்பெட்டியும் சேர்ந்து வரட்டும்.