பழைய ஈழத்து நாவல்களில் மனைவிமார்: 'நூலகம்' தளம் எவ்வளவுக்கு உதவும்?

மணமான பெண்ணை ஈழத்து நாவல்கள் எப்படிக் காட்டின என்று வாசித்துப் பார்க்க விரும்புகிறவருக்குத் திருகோணமலைப் புத்தகக் கடைகள் அவ்வளவாகக் கைகொடுக்காது. பழைய பதிப்புகள் இப்போது அச்சில் இல்லை. 2005 முதல் இயங்கும் 'நூலகம்' மின்னூலகம்தான் வழி. காசு கட்டத் தேவையில்லை.

தேடும்போது பெயர்தான் காலை வாரும். முதலெழுத்து பின்னால் வரும்: நம்மூர் நாவலாசிரியை ந. பாலேஸ்வரியை 'பாலேஸ்வரி, ந.' என்று தேட வேண்டும். 'சுடர்விளக்கு' (1966) அவருடையது. 'மனைவி', 'சீதனம்' என்று பொருளைத் தட்டினால் பெரும்பாலும் தலைப்பிலோ பதிவு விபரத்திலோ அச்சொல் உள்ளவையே அகப்படும். கதைக்குள் இருப்பது வராது.

தொடங்க வேண்டிய நூல் மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' (1914). கணவனின் கொடுமையை நாயகி கண்மணி பொறுத்துக்கொண்டே போகிறாள். பொறுமையே பெண்ணுக்கு அழகு என்று ஆசிரியை கிறிஸ்தவ நெறி நின்று புத்தி சொல்கிறார். ஆனால் சம்பவங்கள் அந்தப் புத்திக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன. அந்த இழுபறிக்காகவே வாசிக்கலாம். பக்கத்தில் ஒரு சட்டத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்: யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, கணவனின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் தன் காணியை விற்க முடியாது என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொன்னது. சீதனக் காணி அவள் பேரில், கையெழுத்து அவன் கையில். நாவலில் வரும் மனைவிக்குப் போக்கிடம் ஏன் இல்லை என்பது இதோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும்.

கோப்புகள் பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். ஃபோனைக் கிடையாகப் பிடியுங்கள், முடிந்தால் டேப்லெட்டில் வாசியுங்கள். கோப்பின் அளவு இணைப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். டேட்டா குறைவென்றால் அதைப் பார்த்துவிட்டு வைஃபை உள்ள இடத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

நாவலோடு நின்றுவிடாதீர்கள். வீட்டு வேலைக்கு நடுவில் எழுதியவர்களுக்குச் சிறுகதைதான் வசதி, அது சஞ்சிகைகளில் சிதறிக் கிடக்கிறது. மட்டக்களப்பு சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தின் 'பெண்' இதழ்களைப் பாருங்கள். சஞ்சிகைப் பதிவுகள் பலவற்றில் உள்ளடக்கப் பட்டியல் உண்டு. தலைப்பைப் பார்த்தே பொறுக்கலாம்.

புதிய நூல்களுக்கு இத்தளத்தை நம்ப வேண்டாம். பதிப்புரிமை உள்ள சிலவற்றுக்கு விபரம் மட்டும் இருக்கும், வாசிக்கும் இணைப்பு இராது. அவற்றைப் பொது நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.