டிராகன் கொக்கியா, ஸிகாங் பதக்கமா?

ஜேட் என்ற கடினக் கல்லில் செய்த பழைய சீன உடையணிகளில் எதைப் பார்த்துக் கண்ணைப் பழக்குவது என்று கேட்டால், பலரும் ஸிகாங் பதக்கம் என்ற செவ்வகத் தகட்டைத்தான் காட்டுவார்கள். என் ஓட்டு இடுப்புப் பட்டையை மாட்டும் கச்சைக் கொக்கிக்கு.

கொக்கியின் அடியில் உள்ள குமிழ் இடுப்புப் பட்டையின் ஒரு முனையில் நிற்கும். வளைந்த தலை மறுமுனையில் மாட்டும். போரிடும் நாடுகள் காலத்திலேயே (கி.மு. 475-221) வெண்கலத்திலும் ஜேடிலும் செய்தார்கள். பின்னாளில் யுவான், மிங், சிங் அரச வம்சங்களின் காலங்களில் இதற்கு மறுவாழ்வு. அந்தப் பிற்காலக் கொக்கிகளில் அடிக்கடி வருவது ஒரே காட்சி: முனையில் டிராகன் தலை, அதை நிமிர்ந்து பார்த்தபடி தண்டின் மேல் பல்லிபோல நெளியும் குட்டி. மூத்த டிராகன் பிள்ளைக்குப் பாடம் சொல்கிறதாம்!

பார்க்க வேண்டிய இடம் குட்டியின் வயிற்றுக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கு. இவற்றுக்குப் பயன்படும் நெஃப்ரைட் வகை ஜேட் உளிக்கு மசியாது; ஈர மணலைக் கொடுத்துத் தேய்த்துத்தான் உருவம் எடுக்க வேண்டும். நல்ல வேலையில் அந்த இருட்டு இடுக்குக்குள்ளும் மெருகு ஏறியிருக்கும். அவசர வேலையில் துளையிட்ட வடு அப்படியே தெரியும்.

பதக்கம் வேறு ரகம். லூ ஸிகாங் 16ஆம் நூற்றாண்டில் சூஜோ நகரில் புகழ்பெற்ற மிங் காலக் கலைஞர். அவர் பெயரால் வழங்கும் செவ்வகத் தகட்டில் ஒருபுறம் மெல்லிய புடைப்பில் மலையோ மனிதரோ இருக்கும், மறுபுறம் கவிதை வரிகள். நயத்தில் கொக்கியைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன். வம்பெல்லாம் கையெழுத்தில்தான். பிற்காலப் பட்டறைகள் அவர் பெயரைத் தாராளமாகப் பொறித்துத் தள்ளின. புதிதாகப் பார்ப்பவர் பெயரைப் படித்ததும் வேலைப்பாட்டைப் பார்க்க மறந்துவிடுகிறார். கொக்கியில் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை.

இடுப்புப் பட்டையில் வரிசையாகப் பொருத்தும் ஜேட் தகடுகளும் உண்டு. அவற்றில் வரும் அன்னத்தின் மேல் பாயும் வல்லூறு, வடக்கே வாழ்ந்த கித்தான், ஜுர்சென் மக்களின் வசந்த வேட்டையிலிருந்து வந்த காட்சி. சித்திரமாக எனக்கு மிகப் பிடித்தது அதுதான். ஆனால் மிங் கால முழுப் பட்டைக்கு வழக்கமாக 20 தகடுகள். ஒற்றைத் தகட்டை வைத்துப் பட்டையின் அமைப்பைப் புரிந்துகொள்வது கஷ்டம்.

கொக்கி கைக்குக் கிடைத்தால் கவிழ்த்துக் குமிழையும் பாருங்கள். புழங்கியதென்றால் அதன் விளிம்பு மழுங்கியிருக்கலாம். தேய்மானத்தையும் செயற்கையாக வரவழைக்க முடியும் என்பதால், அதை மட்டும் வைத்து வயதைச் சொல்லிவிடாதீர்கள்.