கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கால்பந்துப் பயிற்சி: ஐந்து மாத அனுபவம்

என் மகளுக்கு ஏழு வயதில் முதல் வகை நீரிழிவு, அதாவது உடல் இன்சுலினைச் சுரக்காததால் வரும் சர்க்கரை நோய், இருப்பது தெரியவந்தது. அன்று முதல் பள்ளி விளையாட்டு வகுப்பில் அவளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, மற்றப் பிள்ளைகளின் தண்ணீர்ப் புட்டிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அச்சத்தால் செய்தார்கள் என்பது புரிந்தாலும், வலி குறையவில்லை. அதனால்தான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறைக்கு அருகே சனி, ஞாயிறு காலைகளில் நடக்கும் கால்பந்துப் பயிற்சியில் அவளைச் சேர்த்தேன். நீரிழிவு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் எந்த நோயும் இல்லாத பிள்ளைகளும் அங்கே ஒரே அணியில் ஆடுகிறார்கள்.

களத்தில் இறங்குமுன் குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவைப் பார்க்கிறார்கள். அது 90க்குக் கீழே இருந்தால் வாழைப்பழமோ பிஸ்கட்டோ கொடுத்துக் காத்திருக்கிறார்கள். 250ஐத் தாண்டியிருந்தால், இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் கீட்டோன் என்ற பொருள் இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட விடுவதில்லை. அரைமணிக்கொரு முறை மீண்டும் விரலில் குத்திப் பார்க்கிறார்கள். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே அவளுக்குக் கை நடுங்கி, அளவு 64ஆக இறங்கியபோது, நான் பதறிப் பையிலிருந்து கடலைமிட்டாயை எடுத்தேன். கடலையிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும் என்று சொல்லித் தடுத்த பயிற்சியாளர், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார். அளவு 98 வந்ததும் கடலைமிட்டாயைத் தின்னக் கொடுத்துவிட்டு, அவளை மீண்டும் களத்துக்கு அனுப்பினார். 'இன்று போதும், உட்கார்' என்று அவர் சொல்லாததற்காகவே இந்தப் பயிற்சியை நான் பரிந்துரைக்கிறேன். பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரம் 1997இல் இதே நோய் கண்டறியப்பட்ட பிறகும் 2003 வரை சர்வதேசப் போட்டிகளில் பந்து வீசியதை முதல் நாளே அவர் சொல்லியிருந்தார். இப்போது என் மகள் அதைத் தன் பாட்டிக்கு விளக்குகிறாள்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளிடமும் இதே கவனம்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காய்ந்த காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில், மருத்துவர் எழுதித் தந்தபடி இன்ஹேலரை முன்கூட்டியே எடுக்கச் செய்து, மெல்ல ஓடவிட்டு உடம்பைச் சூடேற்றிய பிறகே ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள்.

குறைகளும் உண்டு. ஓடிக் களைத்த தசைகள் இழந்த சர்க்கரையைப் பல மணிநேரம் கழித்தும் இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்வதால், அளவு நள்ளிரவில் இறங்கக்கூடும்; இதைப் பெற்றோருக்கு அவர்கள் எடுத்துச் சொல்வதில்லை. இரண்டாவது வாரம், இரவு 2 மணிக்கு 58 என்ற எண்ணைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். ஒப்புதல் படிவம் மலையாளத்தில் மட்டுமே இருக்கிறது. தமிழ்வழியில் படித்த பெற்றோர் இத்தனை பேர் இருக்கும் இடத்தில், மருத்துவ விவரம் கேட்கும் தாளில் புரியாமல் கையெழுத்திட வைப்பது சரியல்ல. பங்குனி வெயிலில் இன்சுலின் பேனாவைக் குளிர்ச்சியாக வைக்கவும் அங்கே வசதியில்லை. ஈரத்துணி சுற்றிய சிறு மண்பானையை நாங்களே கொண்டுபோகிறோம்.

சேர்க்க விரும்புவோர், மருத்துவரிடம் விளையாடும் நாளுக்கான இன்சுலின் அளவை எழுதி வாங்கிச் செல்லுங்கள். முதல் மாதம் முழுவதும் உடனிருங்கள். பயிற்சியாளர் பின்பற்றும் அளவுக்குறிப்புத் தாளைத் தமிழில் எழுதி என் மகளின் பள்ளியிலும் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.