45,000 ரூபாய்க்கு ஒரு எக்செல் ஷீட்: நியூரோசயின்ஸ் (மூளை, நரம்பு அறிவியல்) படிக்க அமெரிக்கா போகிறவர்கள் கவனம்

அட்மிஷன் வாங்கித் தந்த கன்சல்டன்சியே, "எட்டு செமஸ்டருக்கும் என்னென்ன பாடம் எடுக்கணும்னு பிளான் போட்டுத் தர்றோம்" என்று தனியாக 45,000 ரூபாய் வாங்கினார்கள். அம்மாவின் வளையலை அடகு வைத்த பணத்தில் மிச்சமிருந்ததை அப்பா எடுத்துக் கொடுத்தார்.

வந்தது ஒரு எக்செல் ஷீட். கலர் கலராக இருந்தது. முதல் வருஷம் முழுக்க சைக்காலஜி அறிமுகம், சோஷியாலஜி, கட்டுரை எழுதும் வகுப்பு, இசை ரசனை என்று லேசான பாடங்கள்தான். "முதல்ல ஜிபிஏவை ஏத்திக்கோங்க தம்பி, கஷ்டமானதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் அங்கிருந்த மேடம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது செமஸ்டருக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஷீட்டில் ஜெனரல் கெமிஸ்ட்ரியும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் ஒரே செமஸ்டரில் இருந்தன, சிஸ்டம் ஆர்கானிக்கை உள்ளேயே விடவில்லை. பட்டத்தின் பெயரில் மூளை இருந்தாலும் அடித்தளம் கெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ், கால்குலஸ்தான். எங்கள் கல்லூரியில் ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு, ஆர்கானிக் இரண்டு, அதற்குப் பிறகுதான் பயோகெமிஸ்ட்ரி. ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொட முடியாது, ஆக ஐந்து செமஸ்டர் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். முதல் செமஸ்டரிலேயே தொடங்கியவன் ஐந்தாவதில் முடிப்பான். நான் முடிப்பது ஏழாவதில். பயோகெமிஸ்ட்ரி முடித்தால்தான் எடுக்க முடிகிற செல் நியூரோபயாலஜி எங்கள் துறையில் ஆகஸ்ட் செமஸ்டரில் மட்டும்தான் நடக்கும், அதனால் அது எனக்கு ஒன்பதாவது செமஸ்டருக்குப் போய்விட்டது. ஒரே ஒரு பாடத்துக்காக இன்னொரு செமஸ்டர் வாடகை, இன்சூரன்ஸ், அப்புறம் ஐ-20 (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் சான்று) காலாவதியாகும் முன்பே நீட்டிப்புக்கு அலைச்சல்.

அவர்களுக்கு போன் போட்டால் "கோடை லீவுல வேற காலேஜ்ல ஆன்லைன்ல ஜெனரல் கெமிஸ்ட்ரி முடிச்சிடுங்க" என்றார்கள். அதையும் நம்பிப் பணம் கட்டிப் படித்தேன். வீட்டிலிருந்து செய்த லேபை எங்கள் துறை ஏற்கவில்லை. வெளியே எடுக்கும் பாடத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பிறகு கல்லூரி அட்வைசரிடம் போனேன். இருபது நிமிடம், காசு கிடையாது. ஷீட்டைப் பார்த்தவர் "இந்த 'ஜெனரல் கெமிஸ்ட்ரி சி' எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். எங்களிடம் அப்படி ஒரு பாடமே இல்லை. கோடையைத் தவிர்த்து வருஷத்தை மூன்றாகப் பிரித்து நடத்தும் குவார்ட்டர் முறைக் கல்லூரிகளில்தான் ஏ, பி, சி என்று வருமாம். எங்கோ போட்டதை எடுத்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள்! நாம் சேரும் வருஷத்து கேட்டலாகில் (பாடங்களும் விதிகளும் அடங்கிய கல்லூரிக் கையேடு) உள்ள விதிகள்தான் நமக்குப் பொருந்தும், அது கல்லூரித் தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது, பெரும்பாலும் மாதிரித் திட்டமும் சேர்த்தே இருக்கும். கிளம்பும் முன் நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அது என் தப்பு.

இன்னொன்று. "இதைப் படிச்சிட்டு அங்கேயே டாக்டர் ஆகிடலாம் சார்" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை அங்குள்ள பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் சேர்ப்பதில்லை. சேர்க்கிற சிலவற்றிலும் போட்டி கடுமை. இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதில் "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டும்தான் இருக்கிறது, பிளான் "வழிகாட்டுதலுக்காக மட்டுமே" என்கிறார்கள். நான் இப்போது ஐந்தாவது செமஸ்டர், ஆர்கானிக் ஒன்று ஓடுகிறது. போன மாதம் ஊர்ப் பையன் ஒருவன் தனக்கு வந்த பிளானை அனுப்பி "அண்ணா, சரியா இருக்கா பாருங்க" என்றான். வேறு கல்லூரி, வேறு மாநிலம், அதே கலர், அதே இசை ரசனை. "ஜெனரல் கெமிஸ்ட்ரி சி"யும் அப்படியே இருக்கிறது.